தக்கை போட்டாச்சு

மின்னசோட்டா
ஜூன் 3

அன்புள்ள தம்பி லைலுக்கு,

உன் அக்கா ஆர்டிஸ் எழுதுவது. நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், அப்படியே வைத்துக்கொள். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? நெவாடாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறதாம், டிவியில் சொன்னார்கள். சாலை வேலைக்குப் போகும்போது தொப்பி போட்டுக்கொள்.

பதினொரு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன் அத்தான் டுவெய்னை அடக்கம் செய்த மறுநாளே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்து வைத்த தட்டுகள் இன்னும் ஃப்ரீசரில் இருக்கின்றன. எல்லாமே கறியும் உருளைக்கிழங்கும்தான். அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறார்கள். தின்று முடித்து, கழுவி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புருஷன் செத்தவளுக்கு இந்த ஊரில் கொடுக்கிற வேலை இது.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து படகு விபத்துப் படிவம் வந்திருக்கிறது. படகை ஓட்டியவன் நீ, நிரப்ப வேண்டியவனும் நீ. நீ இல்லாததால் எனக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் என்ன என்று கேட்டு வரிசையாகக் கட்டங்கள். குடித்திருந்தார்களா, வேகமா, சுற்றுமுற்றும் பார்க்காமல் ஓட்டினார்களா, ஆள் அதிகமா, காற்றா, எஞ்சின் கோளாறா, அனுபவம் போதாதா. எதில் டிக் போடுவது? நாற்பது வருஷம் இதே ஏரியில் படகு விட்ட டுவெய்ன் கூட இருக்கும்போது அனுபவம் போதாது என்று போடவா? கடைசியில் ‘பிற காரணம்’ என்று ஒரு கோடு இருக்கிறது. என்ன எழுத வேண்டும் என்று சொல்.

படகைத் தூக்கிக் கொண்டுவந்து கொட்டகைக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஆர்டிஸ்


நெவாடா
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். தோளும் பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இங்கே நூறு மைலுக்கு ஒரு குட்டைகூட இல்லை. அதைப் பார்த்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

குடித்தோமா என்றால் இல்லை என்று போடு. இரண்டு கேன் பீர் கொண்டுபோனோம், இரண்டும் உடைக்காமலே மூழ்கின. வேகம் இல்லை. நங்கூரம் போட்டுத்தான் மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். மிதவைச் சட்டை இருந்ததா என்று கேட்டால், இரண்டு இருந்தன, ஒன்றை நான் போட்டிருந்தேன் என்று எழுது. இன்னொன்று மெத்தென்று இருக்கட்டும் என்று அத்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் எப்போதும் போட்டுக்கொள்வேன். அவருக்குத் தெரியும், அதனால் போடமாட்டார்.

‘பிற காரணம்’ என்ற கோட்டில் இப்படி எழுது: புறப்படும்போது டுவெய்ன் “தக்கை?” என்று கேட்டார். லைல் போய்த் தொட்டுப் பார்க்காமலே “போட்டாச்சு” என்றான். படகில் தேங்கும் தண்ணீரைக் கரையில் வடிய விடுகிற பின்பக்கத் துளையில் தக்கை இல்லை. பின்பக்கப் பலகைக்கு அடியில் தண்ணீர் ஏறியது கண்ணில் படவில்லை. லைல் எஞ்சினைக் கிளப்ப எழுந்தபோது படகு பின்பக்கமாக அமிழ்ந்து கவிழ்ந்தது.

அவ்வளவுதான். என் பெயரை எழுதிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
லைல்


மின்னசோட்டா
ஜூன் 25

அன்புள்ள லைலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீ தண்ணீர் நிறையக் குடி.

படிவத்தை நீ சொன்னபடியே நிரப்பி அனுப்பிவிட்டேன். உன் வார்த்தையை மாற்றவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அன்றைக்கு “போட்டாச்சு” என்று சொன்னது நீதானா? நன்றாக ஞாபகம் இருக்கிறதா? நாற்பது நிமிஷம் ஐஸ் மாதிரித் தண்ணீரில் கிடந்தவர்களுக்கு முன்னால் நடந்தது பின்னால் நடந்தது எல்லாம் குழம்பிப்போகும் என்று நர்ஸ் சொன்னாள். அதனால் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தண்ணீரில் இருந்தபோது டுவெய்ன் ஏதாவது சொன்னாரா? கடைசி நேரத்தில் ஜெபம் செய்தாரா என்று பாதிரியார் கேட்டார். எனக்கு ஜெபம் வேண்டாம், என்ன சொன்னாலும் பரவாயில்லை.

படிவத்தில் எழுதியது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிலவறையில் காபி ஊற்றுவது என் முறை. அடுத்த வீட்டு வெர்னா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “இத்தனை வருஷமா படகு ஏறுறவன், ஒரு தக்கையைத் தொட்டுப் பார்க்கத் துப்பு இல்லையே! நான் செய்யற எலும்புக்கறி சாப்பிடறதுக்கு மட்டும் உன் தம்பிக்குக் கை நீளுது” என்றாள். நான் அவள் கப்பில் காபி ஊற்றினேன்.

உன் அக்கா
ஆர்டிஸ்


நெவாடா
ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். தார் போடுகிற பருவம், கை ஒழியவில்லை.

சொன்னது நான்தான். எனக்கு ஒன்றும் குழம்பவில்லை. இனிமேல் இதைக் கேட்காதே.

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குளிரில் வாய் கோணிக்கொள்ளும், பேச வராது.

வெர்னா சொன்னது சரிதான். அவள் செய்கிற எலும்புக்கறி ருசி என்று சொன்னேன் என்று சொல்.

தம்பி
லைல்


மின்னசோட்டா
அக்டோபர் 28

அன்புள்ள லைலுக்கு,

எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதி இரண்டையும் அடுப்பில் போட்டேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஏரி ஓரத்தில் காலையில் மெல்லிய ஐஸ் கட்டத் தொடங்கிவிட்டது. படகுத்துறையைக் கழற்றிக் கரையேற்ற வெர்னாவின் புருஷன் வந்தார். வருஷா வருஷம் நீயும் டுவெய்னும் செய்கிற வேலை. “இந்தப் போல்ட்டை யாரு இப்படி முறுக்கி வச்சது? குரங்கா?” என்று கேட்டார். டுவெய்ன்தான் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் போல்ட்டை வெகு பதமாகக் கழற்றினார். பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஷெரீஃபின் ஆள் வந்தான். படிவத்தைப் படித்த அரசு வக்கீல், கவனக்குறைவாகப் படகு ஓட்டி ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தாய் என்று உன்மேல் வழக்குப் போடப்போகிறாராம். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி கோர்ட். குற்றம் நிரூபணமானால் மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். லாரி ஓட்டுகிற உரிமத்துக்கும் சிக்கல் வருமாம். அப்புறம் உன் வேலை?

நான் அவனுக்குக் காபி கொடுத்தேன். “இவ்வளவு நல்ல மனுஷனை இழந்துட்டீங்க, உங்க தம்பிமேல கோபம் இருக்கத்தான் செய்யும்” என்றான். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நீ என்ன செய்யப்போகிறாய்? உடனே எழுது.

ஆர்டிஸ்


நெவாடா
நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். இங்கேயும் குளிர் வந்துவிட்டது, ஆனால் நம் ஊர்க்காரன் சிரிக்கிற குளிர். இங்கே உள்ளவர்கள் இதற்கே குல்லாய் இரண்டு போடுகிறார்கள்.

கோர்ட்டிலிருந்து எனக்கும் கடிதம் வந்தது. போய் ஒப்புக்கொள்கிறேன், ஐந்து நிமிஷ வேலை. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். “மூணு மாசம் சும்மா சோறு போடுவாங்க, உடம்பு வச்சுட்டு வா” என்றார். வேலையை வைத்திருப்பதாகச் சொன்னார். வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன், அக்கா. அன்றைக்கு நீ கோர்ட்டுக்கு வராதே. வந்தாலும் பின்பெஞ்சில் உட்கார், எழுந்து எதுவும் பேசாதே.

கூரைமேல் பனியை நீயே ஏறித் தள்ளாதே. முழங்காலை நினைத்துக்கொள்.

தம்பி
லைல்


மின்னசோட்டா
ஜனவரி 2

லைல்,

நலம் விசாரித்து எழுத இன்றைக்கு வரவில்லை. மன்னித்துக்கொள்.

“போட்டாச்சு” என்று சொன்னது நான். அது உனக்கும் தெரியும்.

முதல்நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகைக் கழுவினேன். குளிர்காலம் முழுக்க எலி அதில் கூடு கட்டியிருந்தது. டுவெய்ன் முந்தின வாரமே தக்கையைப் போட்டு வைத்திருந்தார். அழுக்குத் தண்ணீர் வடியட்டும் என்று நான்தான் அதைக் கழற்றி என் பழுப்புக் கோட்டுப் பையில் போட்டேன். வடிந்ததும் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அடுப்பில் முட்டை கொதித்தது. உங்களுக்கு சாண்ட்விச்சுக்கு வைத்தது.

சனிக்கிழமை அந்த வருஷத்து மீன்பிடிப் பருவம் தொடங்குகிற நாள், காலையிலேயே சாலை முழுக்க வண்டி. படகு இறக்குகிற இடத்தில் வரிசை நீண்டுவிடும் என்று டுவெய்ன் பறந்துகொண்டிருந்தார். நீ வண்டியின் முன்சீட்டில் உன் ஆரஞ்சு மிதவைச் சட்டையின் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். அவர் “தக்கை?” என்று கத்தினார். இந்த வீட்டில் முப்பது வருஷமாக ஒரே சட்டம்: பதில் சொல்கிறவர் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரம். சமையலறை ஜன்னல் வழியாகவே “போட்டாச்சு, போட்டாச்சு” என்றேன். அவர் என்னை நம்பினார், லைல். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட என் பதிலை அவர் போய்ச் சரிபார்த்ததில்லை.

அடக்கத்தன்று காலையில் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போனேன். பைக்குள் கை போனது. அங்கே இருந்தது. அப்போதும் அழவில்லை. எடுத்துக்கொண்டுபோய் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடினேன். அன்றிலிருந்து காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தில் என் வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததைப் படித்தேன். நீ கேட்டிருக்கிறாய், எனக்காகச் சொல்கிறாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் படிவத்தை நிரப்பி, ஸ்டாம்பு ஒட்டி, தபாலில் போட்டேன். ‘நீதானா சொன்னது’ என்று கேட்டேனே, அது இல்லை என்று சொல்லட்டும் என்பதற்காகக் கேட்டதா, ஆமாம் என்று சொல்லட்டும் என்பதற்காகக் கேட்டதா? இன்றைக்கு வரை தெரியவில்லை. ஆமாம் என்று நீ எழுதியபோது எனக்கு மூச்சு வந்தது. அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பு. ஆறு மாதம் வெர்னா உன்னைத் திட்டத் திட்ட அவளுக்குக் காபி ஊற்றினேன்.

என்னால் உள்ளே போகிற தம்பியை என்னால் பார்க்க முடியாது. திங்கட்கிழமை அரசு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஆர்டிஸ்


நெவாடா
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வக்கீலிடம் போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ போயிருப்பாய். நீ சொன்னால் செய்துவிடுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனவே போகாதே என்பதை விட்டுவிடுகிறேன். நீ நலமா? நான் நலம் இல்லை, கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லை.

உனக்கு ஒரு பொய் சொல்லியிருந்தேன். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை என்றேனே, அது.

கவிழ்ந்தவுடன் இரண்டு பேரும் படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டோம். பின்பக்கத்தில்தான் பிடி இருந்தது. அந்தத் துளை எங்கள் முகத்துக்கு நேரே இருந்தது, அக்கா. வெறும் துளை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அத்தான் தன் கட்டைவிரலை அதில் வைத்து அடைத்தார். கவிழ்ந்த பிறகு எதற்கு? ஆனால் விரலை எடுக்கவே இல்லை.

முதலில் சிரித்தார். “ஆரஞ்சுப் பழமே, நீ மட்டும் மிதக்குறே பாரு” என்றார். அவருடைய மிதவைச் சட்டை கைக்கு எட்டாமல் மிதந்து போய்விட்டது, என்னுடையதைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்றேன். “கழட்டினா ஒரு கல்லு மாதிரிப் போவே. உங்க அக்காகிட்ட ரெண்டு பொணத்தை நான் எப்படிக் கொண்டுபோறது?” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வாய் குழற ஆரம்பித்தது. அப்போது சொன்னார். “லைல், தக்கையைப் பத்தி ஆர்டிஸ்கிட்ட பேசாதே. நீ மறந்துட்டேன்னு சொல்லு. உன்னைத் திட்டுவா, கொஞ்ச நாள்ல விட்டுடுவா. அவளை அவ விடமாட்டா.” சரி என்று சொல் என்றார். சரி என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்குப் பிறகு பேசவில்லை. எப்போது விரல் வழுகியது என்று எனக்குத் தெரியாது. நான் கரைப் பக்கம் ஏதாவது படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது துளை திறந்திருந்தது.

உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் ஓடிவந்தேன். போனை எடுக்காததும் அதனால்தான். நீ கடைசி வரை என்னைத் திட்டவே இல்லை. எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் திட்டுவாய் என்று பார்த்தேன். தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் குடி என்றாய். அப்போதே உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

செத்துக்கொண்டிருந்தவருக்குக் கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்தோடு மீறிவிட்டேன். அவர் நினைவாக நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

தம்பி
லைல்


மின்னசோட்டா
மே 2

அன்புள்ள தம்பி லைலுக்கு,

எப்படி இருக்கிறாய்? இப்போதாவது தூங்குகிறாயா? என் முழங்கால் அப்படியேதான். நாலு மாதமாக எழுதவில்லை. உன் கடிதத்தைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வழக்கை எடுத்துவிட்டார்கள் என்று உனக்கும் தகவல் வந்திருக்கும். அரசு வக்கீல் சின்னப்பெண், உன் வயதில் பாதி இருப்பாள். தக்கையை அவள் மேஜைமேல் வைத்தேன், ஒட்டிக்கொண்டிருந்த சர்க்கரையோடு. அவள் அதைத் தொடவில்லை. “சமையலறையில இருந்து பதில் சொன்னதுக்குத் தண்டிக்கச் சட்டத்துல இடம் இல்லீங்க, மேடம்” என்றாள். தண்டனை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இல்லை, வேறு எதுவுமாகவும் இல்லை. புதுப் படிவம் கேட்டு வாங்கினேன். ‘பிற காரணம்’ என்ற கோட்டில் என் பெயரை எழுதினேன். மிதவைச் சட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, போடவில்லை என்ற கட்டத்திலும் டிக் போட்டேன். அது டுவெய்னின் பங்கு. அதையும் நானே சுமக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் வெர்னாவிடம் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். அவள் கப்பைக் கீழே வைத்தாள். பிறகு, “இன்னைக்கு நான் ஊத்தறேன், நீ உட்காரு” என்று கெட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அங்கே உட்கார்ந்துதான் அழுதேன். பதினொரு மாதத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் அழுதேன். பாதிரியார் பயந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஏரியில் ஐஸ் உடைந்து போய்விட்டது. லூன் பறவைகள் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. கொட்டகைக்குப் போய்ப் படகின்மேல் இருந்த தார்ப்பாயை எடுத்தேன். துளையில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு உள்ளே போய்விடுகிறது, டுவெய்னுக்குச் சரியாக அடைத்திருக்கும். தக்கையை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டித் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை மீன்பிடி தொடங்குகிறது. படகில் நீ ஏற வேண்டியதில்லை, நானும் ஏறுவேனா என்று தெரியாது. ஆனாலும் வந்துவிடு. ஃப்ரீசரில் இன்னும் மூன்று தட்டு இருக்கிறது, என்னால் தனியாகத் தின்று தீர்க்க முடியவில்லை.

டுவெய்ன் சொன்னதில் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் உன்னைத் திட்ட வேண்டும். சொல்லாமல் ஓடினதற்கு, போனை எடுக்காததற்கு, ஒரு வருஷம் என் பாவத்தை முதுகில் போட்டுக்கொண்டு பாலைவனத்தில் தார் ஊற்றினதற்கு. கடிதத்தில் அது சரியாக வராது. நேரில் வா, திட்டுகிறேன். கொஞ்ச நாளில் விட்டுவிடுவேன்.

உன் அக்கா
ஆர்டிஸ்